நீலப் பக்கம் சுடுகிறது

மானிப்பாயில் உச்சி வெயில். குளியலறையிலிருந்து இராசநாயகம் துவாயோடு துள்ளிக்கொண்டு வெளியே வந்தார். சவரில் நீலக்குறிப் பக்கம் திருப்பினால் தண்ணீர் முதுகைப் பொசுக்கியது; சிவப்புப் பக்கம் திருப்பினால் சில்லென்று கொட்டியது.

"உவன் கேதீஸ்வரன் பைப்பை மாறிப் பூட்டிப்போட்டான்! உடனை வரச்சொல்லு!" என்று மனைவி நல்லம்மாவிடம் கத்தினார்.

புதிதாக வாங்கிய ஹீட்டரைப் பூட்டிய கேதீஸ்வரன் வந்துசேரும்வரை அவருக்குப் பொறுமை ஏது? பிழையைக் கையோடு பிடிக்க ஏணி வைத்து மொட்டைமாடிக்கு ஏறினார். கறுப்புத் தண்ணீர்த்தாங்கியில் கையை ஊன்றியவர், "ஐயோ!" என்று உதறினார். தாங்கி அடுப்பாகக் கொதித்தது. நீலத்துக்கு வரும் தண்ணீர் நேரே அங்கிருந்துதான் வருகிறது. சிவப்புக்கு வருவதோ, குளியலறை நிழலில் ஹீட்டருக்குள் இரவிலிருந்தே கிடந்த தண்ணீர். ஹீட்டருக்கு அவர் இன்னும் சுவிச்சே போடவில்லை.

இறங்கி வந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை, எதையோ கண்டுபிடித்துவிட்ட கெப்பர்தான் இருந்தது.

"கேதீசை வரவேண்டாமெண்டு சொல்லு. பைப் எல்லாம் சரி. மத்தியானத்திலை சிவப்பைத் திறந்தால் நல்ல பச்சைத்தண்ணி!"

நல்லம்மா தொலைபேசியைக் கீழே வைத்தாள்.

"ஏனப்பா, பச்சைத்தண்ணியிலை குளிக்கவோ உந்தச் சுடுதண்ணி மெசினை வாங்கினனீங்கள்?"