பதினாலு பேர்

தேசிய சபையின் கடைசி வரிசையில், கதவை ஒட்டிய இருக்கை அவருடையது. உணவகத்துக்கு ஓட அதுதான் வசதி என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார். சிரிக்காமல் என்ன செய்வது? மூன்று வருஷத்தில் சபைக்குள் அவர் வாயைத் திறந்ததெல்லாம் கொட்டாவிக்குத்தான்.

அதற்கு முன் இருபத்தாறு வருஷம் சொந்த ஊர் நகராட்சியில், சாலைப் பிரிவு மேற்பார்வையாளராகக் குப்பை கொட்டியவர். அள்ளியது வேறு பிரிவு. விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு, யாரோ தூண்டிவிட, தேர்தலில் நின்றார். இரண்டு பெரிய தலைகள் முட்டிக்கொண்டு வாக்கைப் பிரித்துக்கொண்டதில் பதவி வந்து இவர் மடியில் விழுந்தது. வாழ்த்துச் சொல்ல வந்தவர்களைவிட அவருக்குத்தான் ஆச்சரியம் அதிகம்.

அவருடைய தங்கை அரசு மருத்துவமனையில் நர்ஸ். வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், மருத்துவமனை இந்தப் பக்கம். சுற்றிக்கொண்டு போனால் ஐந்து கிலோமீட்டர் என்பதால் அந்தப் பக்கத்து ஜனம் முழுக்கத் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போய்வரும். இரண்டு மாதத்துக்கு முன் மழைநாளில் அவள் தண்டவாளத்திலேயே வழுக்கி விழுந்தாள். பின்னால் வந்தவர் இழுத்துப் போட்டதால் மணிக்கட்டு மட்டும் உடைந்தது. அவர்கள் எழுந்து நிற்பதற்குள் ரயில் கடந்து போனது.

கட்டுப் போட்ட கையோடு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஊர் உன்னை அவ்வளவு தூரம் அனுப்பிச்சுதே, ஒரு நடைபாலம் வாங்கித் தர முடியலையே. அங்க போய் என்னத்தண்ணா கிழிக்கற?"

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. பாலம் வாங்காமல் உன் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தார். சபையில் கேட்க ஒரு கேள்வி எழுதிப் போட்டார். குலுக்கலில் அவர் கேள்வி விழுந்தது. மறுபடியும் குருட்டு அதிர்ஷ்டம்தான், திறமை என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம்.

அன்று காலை ஊரே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. அவர் எழுந்து நின்றார். இத்தனை பேர் உயிரைப் பணயம் வைத்துக் கடக்கும் இடத்தில் ஏன் இன்னும் பாலம் இல்லை என்று, வீட்டுக் கண்ணாடி முன்னால் பழகிய கோபத்தோடு கேட்டார். குரல் அவருக்கே கம்பீரமாகத்தான் கேட்டது.

அமைச்சர் அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பாலத்துக்கான திட்டம் ஒன்பது வருஷத்துக்கு முன்பே வந்ததாம். நகராட்சி அதிகாரி நேரில் போய், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை நின்று எண்ணிப் பார்த்து, கடப்பவர்கள் மொத்தம் பதினாலு பேர் என்று அறிக்கை கொடுத்தாராம். அதனால் திட்டம் கைவிடப்பட்டதாம்.

அந்தப் பதினாலு அவர் பெற்ற பிள்ளை. எண்ணப் போக வேண்டிய நாளில் நல்ல வெயில். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடியே பியூனிடம், எத்தனை பேர் இருக்கும் என்று கேட்டார். பத்துப் பதினைஞ்சு இருக்கும் சார் என்றான் அவன். பதினைந்து என்று எழுதினால் உத்தேசம் என்று தெரிந்துவிடும், பதினாலு என்றால்தான் எண்ணிய மாதிரி இருக்கும். இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் அவர் கற்ற வித்தை அது. மற்றபடி வஞ்சகம் எதுவும் இல்லை, வெறும் சோம்பேறித்தனம்.

பக்கத்து இருக்கை உறுப்பினர் அவர் சட்டையை இழுத்தார். "விடாதீங்கண்ணே. அந்த ஆபீசர் யாருன்னு கேளுங்க. கிழிகிழின்னு கிழிங்க."

நல்ல யோசனைதான். இல்லாவிட்டால் பேசாமல் உட்கார்ந்துவிடலாம், கையெழுத்து யாருடையது என்று அந்த அம்மாள் பார்க்கவில்லை. ஆனால் உட்கார்ந்தால் பாலம் பதினாலு பேரோடு செத்தது.

"அவைத்தலைவர் அவர்களே, அந்த அதிகாரி அங்கே போகவே இல்லை. அந்த அறிக்கை பொய்" என்றார்.

உறுப்பினருக்கு அது எப்படித் தெரியும் என்று அவைத்தலைவர் கேட்டார்.

"அது நான்தாங்க."

கட்சி வித்தியாசம் பாராமல் எல்லோரும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். மூன்று வருஷத்தில் அந்தச் சபை ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும். அமைச்சரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஒரு மாதத்துக்குள் மறு கணக்கெடுப்பு, இந்த முறை வேறு ஆளை வைத்து, என்று அறிவித்தார்.

மானம் கப்பலேறினாலும் பாலம் உயிர்த்துவிட்டது. வெளி வராந்தாவுக்கு வந்ததும் தங்கையின் போன் வந்தது. உண்மையை ஒப்புக்கொண்ட அண்ணனை மெச்சத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்.

"அப்பவும் நான் தினம் ரெண்டு தடவை தாண்டினேன்ணா" என்றாள். "சின்னவளை இடுப்புல வெச்சுக்கிட்டு. அந்தப் பதினாலு பேர்ல நாங்க இருந்தோமா?"

நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க ஒப்புக்கொண்டபோது வராத வெட்கம் அவருக்கு இப்போது வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இல்லம்மா" என்றார். "அதுல யாருமே இல்ல."