சம்பந்தியை எப்படி நிராகரிப்பது

முதலாளி ஒரல்பாயை நாங்கள் அகா, அதாவது அண்ணன், என்போம். அவருடைய ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் குளிர்விக்கும் இயந்திரம் ஒன்றுதான். அதன் மனநிலை தெரிந்த ஆளும் ஒருவன்தான். அந்த ஒருவன் நான். தஜிக்; ஊர் தஜிகிஸ்தானில் ஹோஜெந்த். கஜகஸ்தானில் வேலை பார்க்க எனக்கு அனுமதி வேண்டும். அதை முதலாளிதான் வாங்கித் தர வேண்டும்.

நான்கு மாதமாக வாங்கிக்கொண்டே இருந்தார். முதல் முறை, தொழிற்சாலையின் வரைபடம் இல்லை என்று திருப்பினார்கள். இரண்டாம் முறை, வரைபடத்தை ஏன் வைத்தீர்கள் என்று திருப்பினார்கள். மூன்றாம் முறை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ரௌஷன் என்ற பெண் அதிகாரி ஒரு விதியைக் காட்டினார். பதினைந்து நாள் விளம்பரம் போட வேண்டும். உள்ளூர் ஆள் யாராவது விண்ணப்பித்து, தகுதியும் இருந்தால் வேலை அவருக்கு. இல்லையென்றால் காரணம் எழுதி நிராகரித்த பிறகுதான் எனக்கு.

அதற்குள் அனுமதி வராவிட்டால், விளம்பரம் முடிந்த எட்டாம் நாள் நான் நாட்டை விட்டுப் போக வேண்டும். ஊரில் என் மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார் எல்லோரும் சாப்பிடுவது இந்த ஐஸ்கிரீமை நம்பித்தான்.

பதினாலு நாள் ஒருவரும் வரவில்லை. பதினைந்தாம் நாள், வியாழக்கிழமை, சம்பந்தி வந்தார். ஒரல்பாய் அகாவின் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் தலைவர், எஸ்கெந்திர். ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்.

"ஆள் எடுக்கிறீங்களாம் சம்பந்தி. ஊருக்கே தெரியுது, எனக்கு மட்டும் தெரியல. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"ஐயையோ, என்ன பேச்சு இது! முதல்ல உக்காருங்க."

"விண்ணப்பம் போட்டாச்சு. பேத்திதான் கம்ப்யூட்டர்ல போட்டுக் கொடுத்தா."

அவருக்கு வேலை வேண்டாம். கேட்காமல் விட்டதுதான் வருத்தம். ஆனால் சம்பந்தி வந்துவிட்டால் ஆடு அடித்தே ஆக வேண்டும். முதலாளியின் மனைவி கம்ஷாத் வேகவைத்த ஆட்டுத் தலையை அவர் முன் வைத்தார். அவர் முறைப்படி காதை அறுத்து, இருப்பவர்களில் சின்னவன் என்று என்னிடம் நீட்டினார். என் வேலைக்குப் போட்டியாக வந்தவர் கையால் காது வாங்கித் தின்றேன். நன்றாக வெந்திருந்தது.

மறுநாள் நிராகரிப்புப் படிவத்தில் ஒரல்பாய் அகா எழுதியது இது: "தகுதி மிக அதிகம். குதிரை, ஒட்டகம், மாடு ஆகியவற்றில் முப்பத்தைந்து ஆண்டு அனுபவம்."

ரௌஷன் படித்தார். "தகுதி இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப எடுத்துக்குங்க."

"ஒட்டகம் வேற, ஐஸ்கிரீம் வேற இல்லையாம்மா?"

"அப்ப தகுதி இல்லைன்னு எழுதுங்க."

"சம்பந்தி தகுதியில்லாதவர்னு நான் கையெழுத்துப் போட்டா, என் பொண்ணு அந்த வீட்டுல எப்படிம்மா சோறு தின்னுவா?"

ரௌஷனும் அந்த ஊர்ப் பெண்தான். பேனாவைத் திறந்து திறந்து மூடினார். "சரி, வேலை வேண்டாம்னு அவரையே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க."

சனிக்கிழமை சம்பந்தி வீட்டுக்குப் போனோம். அங்கே அவர்கள் ஆடு. மூன்று மணி நேரம் மழை, புல், பெட்ரோல் என்று பேச்சு போனது. வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் ஒரல்பாய் அகா விஷயத்துக்கு வந்தார்.

"அந்த வேலை விஷயம்... உங்களுக்குச் சிரமமா இருந்தா..."

"நீங்க குடுக்கிற வேலையை நான் வேண்டாம்னு சொல்றதா? என்னை என்னன்னு நினைச்சீங்க? திங்கக்கிழமை வந்துடறேன்."

சொல்லிவிட்டு, விருந்தாளிக்குச் செய்யும் மரியாதையாக ஒரு புது மேலங்கியை எடுத்து ஒரல்பாய் அகாவின் தோளில் போர்த்தினார். திரும்பும் வழியில் இருபது கிலோமீட்டர் அவர் அந்த மேலங்கியைத் தடவிக்கொண்டே வந்தார்.

"துணி நல்ல துணி," என்றார் முதலாளி கடைசியில்.

திங்கட்கிழமை சம்பந்தி வேலைக்கு வந்தார். அவர் உள்ளே நுழைந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். தேநீர் கொடுக்க வேண்டும். மதியம் ஆடு. இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே அவருக்கு மெத்தை வைத்த நாற்காலி போட்டோம். பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து இயந்திரத்தின் வயிற்றில் வைத்துக் கேட்டார்.

"சினையா இருக்கு," என்றார்.

"அப்படியா சம்பந்தி?" என்றார் முதலாளி.

"ரெண்டு."

செவ்வாயும் ஆடு. புதன்கிழமை ஐஸ்கிரீம் செய்ய ஆளில்லை. எல்லோரும் இறைச்சி வெட்டப் போயிருந்தார்கள். எனக்கு மிச்சம் இரண்டு நாள். நான் வால்வைத் துடைத்தபடி, ஹோஜெந்துக்கு எந்தப் பேருந்தில் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கம்ஷாத் ஈரக் கையோடு வந்தார். "இன்னொரு குடல் கழுவ மாட்டேன். யார் தலை போனாலும் சரி." கணவரின் கைப்பேசியைப் பிடுங்கி எண்ணை அழுத்தினார். குரல் மட்டும் திடீரென்று தேனானது. "சம்பந்தியம்மா! நல்ல சேதி சொல்லத்தான் கூப்பிட்டேன். அண்ணன் என்னமா உழைக்கிறார்! நாள் முழுக்க மைனஸ் இருபதுலயே இருக்கார். தொப்பிகூடப் போடறதில்ல."

சம்பந்தியம்மா அரை மணியில் வந்துவிட்டார்.

"கிட்னியில கல்லை வெச்சுக்கிட்டு ஐஸ் பெட்டிக்குள்ள என்னய்யா பண்றே? வீட்டுல பால் கறக்கச் சொன்னா குளிருதுங்கறே!"

"மெதுவாப் பேசு. சம்பந்தி வீடு."

"சம்பந்தி வீடுங்கறதாலதான் மெதுவாப் பேசறேன்."

எஸ்கெந்திரின் முகத்தில் அப்படியொரு நிம்மதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "நான் வேண்டாம்னு சொல்லல சம்பந்தி. நீங்களே பாத்தீங்க. இவதான்..."

"பாத்தேன் சம்பந்தி, பாத்தேன்!" ஒரல்பாய் அகா படிவத்தை ஏற்கெனவே நீட்டிவிட்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் நின்றோம். காரணம் என்ற கட்டத்தில், "மனைவி விடவில்லை" என்று எஸ்கெந்திர் எழுதியிருந்தார். ரௌஷன் அதைப் படித்தார்.

"சட்டத்துல பதினோரு காரணம் இருக்கு. இது அதுல இல்ல."

அதே பேனாவை மறுபடியும் திறந்தார்.

"எங்க வீட்டுல என்னவோ இது ஒண்ணுதான் காரணம்," என்று முணுமுணுத்து, 'உடல்நலம்' என்ற கட்டத்தில் குறியிட்டு முத்திரையை ஓங்கிக் குத்தினார். "ஒரு வருஷம். அடுத்த வருஷம் மறுபடியும் விளம்பரம் போடணும்."

படியிறங்கும்போது ஒரல்பாய் அகா என் தோளைக் கட்டிக்கொண்டார். "கவலைய விடு நுஸ்ரத். அடுத்த வருஷம் ஒரு தொல்லையும் இருக்காது. அதுக்குள்ள என் பையன் கல்யாணமும் முடிஞ்சிடும், கை காலியா இருக்கும்."

பெண்ணின் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன். நான்கு மாதத்தில் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"அவரா? தங்கமான மனுஷன். ஃபிரிட்ஜ் ரிப்பேர்."