அரைத் தட்டு பிந்தும் சட்டைகள்

வாத்தியக்குழுவின் இருபத்துநான்கு வெள்ளைச் சட்டைகளும் பதினோரு வருடமாகத் தாளத்துக்கு அரைத் தட்டு பிந்திச் செல்லோ வாசிக்கின்றன. சத்தம் இரண்டாவது பொத்தான் பக்கத்திலிருந்து வருகிறது. துவைத்தும் போகவில்லை, வெந்நீரில் ஊறப்போட்டும் போகவில்லை.

அந்தச் செல்லோ, உட்கார்ந்து காலிடுக்கில் நிறுத்தி வாசிக்கும் அந்தப் பெரிய வயலின், இஸ்திரிக்காரருடையது. "விருப்பமுள்ள யாரும் சேரலாம்" என்று நூலக வாசலில் ஒட்டியிருந்ததை நம்பிச் சேர்ந்தவர். பல் டாக்டர், மருந்துக்கடைக்காரர், வரி அலுவலகத்து அக்கா என்று வேலை முடிந்து நூலக மாடியில் கூடி வாசிக்கிறவர்கள்தான் குழு. யாரும் வித்வான் இல்லை. பல் டாக்டரின் வயலினைக் கேட்டால் அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்குப் பழைய வலி திரும்பும். ஆனால் பிந்தியது இஸ்திரிக்காரர் ஒருவர்தான். நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியை இழுத்த கை, துணியின் ஓரம்வரை போகாமல் நிற்காது. எல்லோரும் முடித்து வில்லை இறக்கிய பிறகே அவருடைய கடைசி ஸ்வரம் வந்து சேரும்.

குழுவுக்கு முதல் தடவையாக நகர மன்றத்தில் கச்சேரி கிடைத்தது, ஒரு சனிக்கிழமை. குச்சி பிடித்து நடத்தும் கணக்கு வாத்தியார் ஒரு வழி கண்டுபிடித்தார்: இஸ்திரிக்காரரிடம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிடலாம். யார் சொல்வது? எல்லோர் கண்ணும் புல்லாங்குழல்காரியிடம் போய் நின்றது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள், இப்போது வங்கியில் வேலை, பிறந்தது இஸ்திரிக் கடை இருக்கும் அதே சந்தில். "உங்க பக்கத்து ஆளுதானேம்மா, நீ சொன்னா நம்புவாரு" என்றார் பல் டாக்டர். அந்த 'உங்க பக்கத்து'க்கு அவள் அவரை ஒரு அறை விட்டிருக்கலாம். விடவில்லை. அவர்களில் ஒருத்தியாக எண்ணப்பட வேண்டும் என்ற ஆசைக்கு முதுகெலும்பு கிடையாது. பரீட்சைக்கும் நேர்காணலுக்கும் அவள் உடுப்பைச் சும்மா தேய்த்துக் கொடுத்த மனிதரிடம் போய், "மாமா, கச்சேரி ஞாயித்துக்கிழமை" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

படித்தவர்கள் செய்யும் முட்டாள்தனம் தனி ரகம். வெள்ளிக்கிழமை அவள் உட்பட இருபத்துநான்கு பேரும் கச்சேரிச் சட்டையைத் தேய்க்க அவரிடமே கொடுத்தார்கள். காலரை அவரைப்போல் நிறுத்த ஊரில் வேறு ஆள் இல்லை. நாளைக் காலையில் வேண்டும், ஒரு கல்யாணம் என்றார்கள், ஒவ்வொருவராக. அவர் சட்டைகளை எண்ணி வாங்கி வைத்தார்.

சனிக்கிழமை, முதல் பாட்டு முடிந்து வில்கள் இறங்கியதும் இருபத்துநான்கு நெஞ்சிலிருந்தும் செல்லோ எழுந்தது. மன்றம் சிரித்தது. வரி அலுவலகத்து அக்கா இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்தினாள்; சத்தம் விரலிடுக்கில் வழிந்தது. மறுநாள் இஸ்திரிக்காரர் மனைவியோடு பூட்டிய மன்றத்தின் வாசலில், செல்லோவைத் தோளில் சாய்த்தபடி, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததைத் தெருவே பார்த்தது.

புல்லாங்குழல்காரி மூன்று நாள் சுற்றுவழியாக வீட்டுக்குப் போனாள். நாலாம் நாள் கடையில் போய் நின்றாள்.

"மாமா, நான் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும். இருபத்துநாலு பேருக்கும் ஒரே கல்யாணமா? மாப்பிள்ளை யாரு, மந்திரியா?"

"தெரிஞ்சுமா ஞாயித்துக்கிழமை போனீங்க?"

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நீ சொன்ன நாளாச்சே. நானும் போகலைன்னா உன் வார்த்தைய யாரு காப்பாத்துறது?"

"நல்லாக் காப்பாத்துனீங்க," என்றாள் உள்ளேயிருந்து அவர் மனைவி. "இருக்கிறதுல நல்ல துணியா உடுத்திக்கிட்டு பூட்டைப் பார்த்து உக்காந்தவ நானு."

புல்லாங்குழல்காரி "திரும்பி வாங்க மாமா" என்று சொல்வதற்குள் அவர் இரண்டு சட்டை தேய்த்து முடித்துவிட்டார்.

"என் வாசிப்புதான் அங்க வருதே பாப்பா. நான் வேற எதுக்கு?"

அவர் போகவில்லை. கணக்கு வாத்தியாரும் மருந்துக்கடைக்காரரும் போய்க் கூப்பிட்டும் போகவில்லை. சட்டைகள் மட்டும் ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னும் அவர் கடைக்குப் போய் வருகின்றன. இப்போதெல்லாம் எல்லோரும் கடைசி ஸ்வரத்தை வாசித்த பிறகும் கணக்கு வாத்தியார் குச்சியை இறக்குவதில்லை. இருபத்துநான்கு தலைகளும் குனிந்திருக்கும், புல்லாங்குழல்காரியின் தலை எல்லாவற்றுக்கும் கீழே. சட்டைகள் நிதானமாகத் துணியின் ஓரம்வரை போய் முடிக்கும். பிறகுதான் குச்சி இறங்கும். ஜனங்களுக்கும் பழகிவிட்டது, அதற்கு முன்னால் யாரும் கை தட்டுவதில்லை.