ஹோம்கார்ட் ஹோலில் ஒரு கலியாணம்

பெயர்ப்பலகையில் ‘ஊர்காவலர் ஞாபகார்த்த மண்டபம்’ என்றுதான் எழுதியிருந்தது. கல்முனைப் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஹோம்கார்ட் ஹோல் என்றால்தான் ஓட்டோக்காரருக்கும் விளங்கும். சண்டைக் காலத்தில் ஊரைக் காவல் காத்து மௌத்தான பதினேழு பேருக்காகக் கட்டியது. கட்டிய பிறகு வருடத்தில் ஒரு நாள் அவர்கள் பேரில் கத்தம் ஓதுவதற்கு மட்டும் அவ்வளவு பெரிய கட்டடம் எதற்கென்று, கலியாணம், பரிசளிப்பு, இரத்ததான முகாம், புடவை மலிவு விற்பனை என எல்லாவற்றுக்கும் விட்டார்கள்.

பூட்டின் திறப்பு அஸீஸாவிடம் இருந்தது. பன்னிரண்டு வருடமாக அவள்தான் கூட்டுவது, கழுவுவது, கதிரை அடுக்குவது, வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுவது. ஐம்பத்தாறு வயதில் அவளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. மேடைக்கு ஏறும் ஐந்து படிகளில் மூன்றாவதில் ஒருமுறை நின்றுதான் ஏறுவாள். மகன் றிஸ்மி கட்டாரில் இருந்தான். “விட்டுப்போட்டு வீட்ட இருங்க உம்மா” என்று ஒவ்வொரு வெள்ளியும் சொன்னான். அவள் ஓம் என்று சொல்வாள், சனிக்கிழமை போய் ஹோலைத் திறப்பாள்.

மேடையின் பின்சுவரில் நடுவாக ஒரு கறுப்புக் கல் இருந்தது. பதினேழு பேரின் பெயரும் அதில் வெட்டியிருந்தது. எட்டாவது பெயர் மீராமுகைதீன். அவளுடைய கணவன். தொண்ணூற்றோராம் ஆண்டு பெப்ரவரியில் வாய்க்கால் பாலத்தடிக் காவல் சாவடியை ஆயுத இயக்கத்தார் வந்து அடித்தபோது செத்துப்போன நாலு பேரில் அவன் ஒருவன். அப்போது றிஸ்மி வயிற்றில்.

கலியாணத்துக்கு மேடை சோடிக்கிறவர்கள் அந்தக் கல்லைத் துணியால் மூடுவார்கள். மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் மௌத்தான ஆட்களின் பெயர் படத்தில் விழுந்தால் நன்றாகவா இருக்கும்? அஸீஸாவும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் நாலு வருடத்துக்கு முன்பு ஒருநாள் துணியைக் கழற்றியபோது, ஆணி அடித்த இடத்தில் கல் சில்லு பெயர்ந்திருந்தது. மீராமுகைதீனின் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில். அன்றைக்கு அவள் ஹோல் கமிட்டிச் செயலாளர் அபுல் ஹஸன் வீட்டு வாசலில் போய் நின்று அழுதாள். அபுல் ஹஸனும் பழைய ஹோம்கார்ட்தான். அவருடைய தம்பியின் பெயரும் கல்லில் இருந்தது. கமிட்டியில் சண்டை பிடித்து, இனி எந்த வைபவத்துக்கும் கல்லை மூடக்கூடாது என்று சட்டம் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஹோலுக்குக் கலியாணங்கள் குறைந்துபோயின.

இந்த வருடம் ஜூலையில், கச்சான் காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்த ஒரு பகலில், சகாயம்மா என்ற பெண்ணும் அவள் மகள் ஜெனோசாவும் ஹோலைப் பார்க்க வந்தார்கள். கல்முனை டவுன் பக்கத்துக் கத்தோலிக்க ஆட்கள். கோயில் மண்டபத்துக்குக் கூரை மாற்றுகிறார்கள், மற்ற ஹோல் எல்லாம் பிடித்தாயிற்று, மாப்பிள்ளை றிஷானுக்கு லீவு முடிகிறது என்றாள் சகாயம்மா.

“பூச கோயிலுக்குள்ள முடிஞ்சிரும் அக்கா. இஞ்ச சாப்பாடும் கேக் வெட்டுறதும்தான். குடி ஒண்டும் வராது. வைனுக்குப் பதிலா நெக்டோ சோடா வாங்கித் தாறன் எண்டு மாப்பிளையிட ஆக்களுக்கும் சொல்லிப்போட்டன்.”

“அது போதும் தங்கச்சி” என்றாள் அஸீஸா. “பண்டி இறச்சியும் கூடாது. மத்தப்படி ஒரு கரைச்சலும் இல்ல.”

ஜெனோசா மேடையில் ஏறி, செல்போனைப் பிடித்து அகலம் பார்த்தாள். சகாயம்மாவும் ஏறினாள். கல்லுக்கு முன்னால் வந்ததும் நின்றாள். மேலேயிருந்து கீழே வரைக்கும் வாசித்தாள். பிறகு மகளிடம், வெளியில் வாகனம் நிற்பாட்ட இடம் காணுமா என்று பார்த்துவரச் சொன்னாள். மகள் போனபின் அஸீஸாவின் பக்கம் திரும்பினாள்.

“இந்தக் கல்ல மறைக்க ஏலுமா அக்கா?”

“ஏலா. கமிட்டிச் சட்டம்.”

“ஒரு நாளைக்கு மட்டும்.”

“ஒரு மணித்தியாலத்துக்கும் ஏலா தங்கச்சி. அந்தச் சட்டத்த அழுது போடவச்சவளே நான்தான். எட்டாவது பேர் என்ட புருஷன்.”

சகாயம்மாவின் கை கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தது. கோபப்படப் போகிறாள் என்று அஸீஸா நினைத்தாள். அவள் மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு ஒரு அண்ணன் இருந்தவர். யோசப். இருபத்திமூண்டு வயசு. தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர்ல மாமாட வயலுக்கு விதநெல்லுக் கட்டிக்கொண்டு சைக்கிள்ல போனவர். பாலத்தடிச் சாவடிவரைக்கும் போனதக் கண்ட ஆக்கள் இருக்காங்க. அதுக்கு அங்கால ஒருத்தரும் காணல்ல. சைக்கிளும் வரல்ல, நெல்லும் வரல்ல.” கல்லைத் திரும்பிப் பார்த்தாள். “உங்கட புருஷன் எண்டு நான் சொல்ல வரல்ல அக்கா. ஆர் எண்டு எனக்குத் தெரியா. அந்தச் சாவடியில ஆமியும் நிண்டது, பொலிசும் நிண்டது, ஹோம்கார்டும் நிண்டது. ஆனா இதுக்கு முன்னுக்கு நிண்டு என்ட புள்ளைக்கு நெத்தியில சிலுவ போட எனக்கு ஏலா.”

வெளியே ஜெனோசாவின் குரல் கேட்டதும் சகாயம்மா எழுந்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிக்க அவளுக்கு வேறு ஹோல் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அவர்கள் போனபின் அஸீஸா கதிரைகளை அடுக்கத் தொடங்கினாள். பாதியில் விட்டுவிட்டு ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

அந்த ஒக்டோபர் அவளுக்கு நினைவிருந்தது. ஒரு நாள் மீராமுகைதீன் சாவடியில் கடமை முடிந்து வந்து, துவக்கைக் கதவு மூலையில் சாத்திவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அன்றைக்கும் சாப்பிடவில்லை, அடுத்த நாளும் சாப்பிடவில்லை. மீன் ஆணமும் சோறும் வைத்துக் கொடுத்தாள், அப்படியே ஆறிப்போனது. என்னவென்று கேட்டாள். ஒண்டுமில்ல என்றான். மூன்றாம் நாள் எழுந்து குளித்துவிட்டுக் கடமைக்குப் போனான். காய்ச்சலாக இருந்திருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முப்பத்துமூன்று வருடமாக அது காய்ச்சலாகவே இருந்தது.

அடுத்த நாள் அஸர் தொழுகை முடிந்து வந்த அபுல் ஹஸனை அவள் பள்ளி வாசலில் மறித்தாள்.

“காக்கா, ஒரு கலியாணத்துக்குக் கல்ல மூடித் தரச்சொல்லிக் கேக்காங்க.”

“முடியா எண்டு சொல்லு.”

“கிறிஸ்தவ ஆக்கள். அந்தப் பொம்புளைட அண்ணன் பாலத்தடியில காணாமப்போனவராம்.”

அபுல் ஹஸன் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அந்த நேரம் ஆர்தான் காணாமப் போகல்ல அஸீஸா? எங்கட ஆக்கள் பள்ளிக்குத் தொழப் போகல்லையா, வயலுக்குப் போகல்லையா? திரும்பி வந்தாங்களா? அந்தக் கல்லுல என்ட தம்பிட பேரும் இரிக்கி. நீதானே என்ட வாசல்ல நிண்டு அழுதாய். இப்ப நீயே வந்து கேக்காய்.”

“ஓம் காக்கா.”

“சட்டம் சட்டம்தான்” என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். நாலடி போனபின் வேகம் குறைந்தது. திரும்பவில்லை.

அஸீஸா அன்று இரண்டு பேருக்குப் போன் எடுத்தாள். சகாயம்மாவிடம், ஹோல் உங்களுக்குத்தான், வாங்க என்றாள். மேடை சோடிக்கும் சியாமிடம், கல்லுக்கு முன்னால் இரும்புக் குழாயில் சட்டம் கட்டித் துணி போடு, சுவரில் ஒரு ஆணியும் படக்கூடாது என்றாள்.

“ராத்தா, நீங்களா சொல்றீங்க?” என்றான் சியாம்.

“நான்தான் சொல்றன். கேள்வி கேக்காதடா. எனக்குக் களைப்பா இரிக்கி.”

கலியாண நாள் காலையில் சகாயம்மா மற்றவர்களுக்கு முன்பே வந்தாள். மேடையில் வெள்ளையும் இளநீலமுமாய்த் துணி தொங்கியது. கல் இருந்த இடமே தெரியவில்லை. அவள் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அஸீஸாவிடம் வந்தாள்.

“கமிட்டி விட்டதா அக்கா?”

“இல்ல.”

“மறுகா எப்படி?”

“அத விடுங்க. உங்களுக்கு ஒரு கத சொல்லணும். சொல்லாம இந்த ஹோல்ல இண்டைக்கு நான் நிக்க ஏலா.” அஸீஸா கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாத்தினாள். “அந்த ஒக்டோபர்ல ஒருநாள் அவர் சாவடியால வந்து ரெண்டு நாள் சாப்பிடல்ல. கேட்டன். சொல்லல்ல. பொறகு நான் கேக்கல்ல. எந்தத் தேதி எண்டும் தெரியா. உங்கட அண்ணனா, வேற ஆருமா, ஒண்டும் தெரியா. கண்டாரா, செஞ்சாரா, அதுவும் தெரியா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

சகாயம்மா புதுச் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

“ரெண்டு நாளா?”

“ரெண்டு நாள்.”

“எங்கட அம்மா சாகுமட்டும் ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பை சோறு எடுத்து மூடி வச்சவ.” அவள் குரலில் குற்றஞ்சாட்டுதலும் இல்லை, மன்னிப்பும் இல்லை. “இத ஏன் இண்டைக்குச் சொன்னீங்க அக்கா? இண்டைக்கு என்ட புள்ளைட கலியாணம்.”

“தெரியா தங்கச்சி. பிழதான்.”

வெளியே சமையல் வாகனம் வந்து நின்றது. சகாயம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு அதை எதிர்கொள்ளப் போனாள்.

கலியாணம் நன்றாக நடந்தது. ஜெனோசாவும் றிஷானும் கேக் வெட்டினார்கள், சின்னக் கிளாசுகளில் நெக்டோ ஊற்றிக் குடித்தார்கள். சகாயம்மா மகளின் நெற்றியில் சிலுவை போட்டபோது அஸீஸா பின்கதவடியில் நின்று பார்த்தாள். அதன்பிறகு சகாயம்மா அவள் பக்கம் வரவில்லை. போகும்போது ஜெனோசாதான் ஒரு பெட்டி கேக்கைக் கொண்டுவந்து கையில் தந்தாள்.

மூன்றாம் நாள் படங்கள் பேஸ்புக்கில் வந்தன. நாலாம் நாள் அபுல் ஹஸன் ஹோலுக்கு வந்தார். கத்தவில்லை. “நீயா?” என்று கேட்டார்.

“ஓம் காக்கா, நான்தான்.”

அவர் மேடையில் ஏறி, கல்லில் தம்பியின் பெயரை விரலால் தடவினார். பிறகு இறங்கிப் போனார்.

கமிட்டி கூடியபோது தன் வேலை போய்விடும் என்று நினைத்து அஸீஸா திறப்பைச் சீலை முடிச்சில் கொண்டு போயிருந்தாள். நடந்தது வேறு. இளம் உறுப்பினர்கள் அந்தப் படங்களைப் பார்த்திருந்தார்கள். மேடை இப்படி வடிவாக இருந்தால் வேறு ஊர்க் கலியாணமும் வருமே என்றார்கள். கேட்கிறவர்களுக்கு மூடிக் கொடுப்போம், ஆணி மட்டும் அடிக்க வேண்டாம் என்று தீர்மானமானது. அபுல் ஹஸன் ஒருவர்தான் கையுயர்த்தவில்லை. அன்றோடு செயலாளர் பதவியை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு தெருவில் கண்டாலும் அஸீஸாவோடு கதைப்பதில்லை. இப்போது வாரத்துக்கு இரண்டு கலியாணம் வருகிறது. கல் பெரும்பாலும் துணிக்குப் பின்னால்தான். அவள் கழுவ வேண்டிய தரை கூடிவிட்டது.

நவம்பர் இரண்டாம் தேதி காலை சகாயம்மா ஹோலுக்கு வந்தாள். கலியாணத்துக்குப் பிறகு இப்போதுதான். ஓட்டோ ஒன்று வெளியில் நின்றது.

“இண்டைக்கு எங்களுக்கு மரிச்சவங்கட நாள். எல்லாரும் சவக்காலைக்குப் போய்ட்டாங்க. அம்மாக்கு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வந்தன். அண்ணனுக்குக் கொளுத்த இடமில்ல. அந்தப் பாலத்தடி எனக்குச் சரியாத் தெரியா அக்கா. இவ்வளவு காலமும் போகப் பயம்.”

அஸீஸா ஹோலைப் பூட்டிக்கொண்டு வந்தாள். தானும் அங்கே ஒருநாளும் போனதில்லை என்பதை ஓட்டோவில் ஏறிய பிறகுதான் சொன்னாள். மீராமுகைதீன் மௌத்தானபோது மய்யித்தை வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

பாலத்தைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். பாதை குறுகலென்று ஓட்டோக்காரர் அவர்களை இறக்கிவிட்டு, சந்தியில் நிற்கிறேன் என்று போனார். சாவடி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வாய்க்கால் கரையில் யாரோ வெண்டி நட்டிருந்தார்கள். அங்கால் முழுக்க வயல்வட்டை. மாரி வெள்ளாமைக்கு உழுது பலகையடித்து மட்டமாக்கிய வயல்களில் கொக்குகள் நின்றன.

“இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?” என்று கேட்டாள் சகாயம்மா.

“தெரியா தங்கச்சி.”

சகாயம்மா பாலத்தின் கைப்பிடிக் கட்டின் மேல் மெழுகுதிரியை வைத்துக் கொளுத்தினாள். காற்று அணைத்தது. மறுபடி கொளுத்தினாள். மூன்றாம் முறை அஸீஸா அவளுக்கு முன்னால் போய்க் காற்றுக்கு முதுகு காட்டி நின்றாள். திரி கொஞ்ச நேரம் எரிந்தது. சகாயம்மா செபமாலையை உருட்டினாள். அஸீஸா நின்ற இடத்திலேயே தன் கணவனுக்கு ஒரு பாத்திஹா ஓதினாள். எதைக் கேட்டு ஓதுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஓதி முடித்தாள்.

விதைநெல் மூட்டைகளோடு ஒரு உழவு இயந்திரம் பாலத்தில் ஏறி அவர்கள் பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்த மனிதர் எட்டிப் பார்த்தார்.

“என்ன உம்மா, ஆரத் தேடுறீங்க?”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சகாயம்மா பேசுவாள் என்று அஸீஸா காத்திருந்தாள். அவள் செபமாலையைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

“காத்து வாங்க வந்தம்” என்றாள் அஸீஸா.

“மழ வருது, வேளைக்குப் போங்க” என்று சொல்லிவிட்டு அவர் போனார். நெல் மூட்டைகள் வட்டைக்குள் இறங்கி மறையும்வரை சகாயம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அஸீஸாவின் முழங்காலைப் பார்த்தாள்.

“சந்திமட்டும் நடப்பீங்களா அக்கா?”

“மெல்ல நடந்தா நடப்பன்.”

மெல்லத்தான் நடந்தார்கள். சந்திக்கு வரும் முன்னமே மழை பிடித்துக்கொண்டது.