ரொசெண்டோ ‘முடியாது’ சொல்லப் பழகிய கதை

என் புருஷன் ரொசெண்டோவுக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராது. எங்கள் ஊர் குவாதலஹாராவில் யாருக்குமே சட்டென்று வராதுதான். “பாக்கலாம்”, “இதோ வந்துட்டேன்”, “கடவுள் விட்டா செய்யலாம்” என்று நழுவுவோம். கேட்டவரும் புரிந்துகொண்டு போய்விடுவார். இவனுக்கு அந்த நழுவல்கூடத் தெரியாது. கேட்ட மாத்திரத்தில் சரி என்பான், அதைச் செய்தும் தொலைப்பான். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பதினைந்து வயது விழா என்றால் கேக்குக்கு ஒரு ஞானத்தகப்பன், பாட்டுக் குழுவுக்கு ஒரு ஞானத்தகப்பன், நாற்காலிக்குக்கூட ஒருவர் வேண்டும்; அந்தச் செலவு அவர் தலையில். போன வருஷம் மட்டும் இவன் ஆறு பெண்களுக்கு ஏதோ ஒன்றின் ஞானத்தகப்பன்.

நான் அப்படியில்லை. வண்டி லைசென்ஸ் ஆபீஸில் மூன்றாம் நம்பர் கவுன்ட்டர் என்னுடையது. நகல் இல்லையா, முடியாது. போட்டோ மங்கலா, முடியாது. ஒன்பது வருஷமாக ஒரு நாளைக்கு நூறு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிடுகிறேன்.

போன வருஷம் ஆகஸ்டில் ஒரு பெரிய கன்சல்டிங் கம்பெனி, ப்ராடக்ட் மேனேஜர் வேலைக்கு இவனை நேர்காணலுக்குக் கூப்பிட்டது. மற்ற கம்பெனிகளுக்கு ஆப் செய்து கொடுக்கிறவர்கள் அவர்கள். அந்த ஆப்பில் எது வேண்டும், எது வேண்டாம், எது முதலில் என்று முடிவு செய்வதுதான் இவன் கேட்ட வேலை. நேர்காணலில் ஒருவர் வாடிக்கையாளராக நடித்து ஐந்து வசதிகள் கேட்டிருக்கிறார். கையில் இருப்பதோ நாலு ஆட்கள், ஆறு வாரம். இந்தப் புண்ணியவான் ஐந்துக்கும் “தாராளமா செஞ்சிடலாம் சார்” என்றானாம். சீண்டிப் பார்க்க அவர் ஆறாவதாக ஒன்றைக் கேட்டிருக்கிறார். அதற்கும் தாராளம்!

இந்தத் தடவை தேர்வாகவில்லை, ஒரு வருஷம் கழித்து இன்னொரு முறை வரலாம், அதற்குமேல் கிடையாது என்று அவர்கள் எழுதினார்கள். அந்த வருஷம் முடிகிற நேரம் பார்த்து, இவன் வேலை செய்த சாஃப்ட்வேர் ஆபீஸ் குவாதலஹாரா கிளையை ஆகஸ்டு கடைசியோடு மூடுவதாக அறிவித்தது. நேர்காணல் ஆகஸ்டு எட்டாம் தேதி. ஏழு வயது மகள் யாரெட்சியை வைத்துக்கொண்டு என் ஒருத்தி சம்பளத்தில் இந்த ஊரில் குடித்தனம் நடக்காது. பயிற்சியை நானே கையில் எடுத்தேன்.

“இன்னிலேர்ந்து தினம் மூணு பேர்கிட்ட முடியாதுன்னு சொல்லணும்,” என்றேன்.

“மூணா? ஒண்ணுல ஆரம்பிக்கலாமே, ஒதிலியா.”

“முடியாது. பாத்தியா, எவ்ளோ சுலபம்!”

முதல் நாளே எதிர்வீட்டுக் கிழவி தோன்யா செலோ வந்தாள். அவள் பேத்தியின் விழாவில் கேக்குக்கு ரொசெண்டோ ஞானத்தகப்பனாக இருக்க வேண்டுமாம். நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். இவன் முகம் சிவந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, “இந்தத் தடவை... முடியாதும்மா,” என்று சொல்லியேவிட்டான். நான் கைதட்டப் போனேன்.

“முடியாதா? மாமா மாமான்னு உன்னையே சுத்தி வருவாளே தம்பி, அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?” என்று கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அழாதீங்கம்மா. கேக்குதான் முடியாது. பாட்டுக் குழுவை வேணா நான் பாத்துக்கறேன்.”

பாட்டுக் குழு கேக்கைவிட மூன்று மடங்கு செலவு. கிழவி சிரித்துக்கொண்டே போனாள். நான் இவனைப் பார்த்த பார்வையில் இவன் நேராகக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

அதன்பின் தினமும் மூன்று மணிச் சாப்பாடு முடிந்ததும் மேசையிலேயே நேர்காணல் நடந்தது. நான் எட்டு மருந்துக்கடைகளுக்கு முதலாளியம்மா. கால்மேல் கால் போட்டுக்கொள்வேன். வீட்டுக்கு மருந்து அனுப்ப வேண்டும், டாக்டரோடு வீடியோவில் பேச வேண்டும், மாத்திரை தீரும்போது ஞாபகப்படுத்த வேண்டும், பரிசுப் புள்ளிகள் வேண்டும், தினம் ராசிபலனும் வேண்டும் என்பேன். முதல் வாரம் முழுக்கத் தோற்றான். ராசிபலனைக்கூட விட மனசில்லை இவனுக்கு. “மருந்து வாங்க வர்றவங்களுக்கு ஒரு ஆறுதலா இருக்குமே” என்றான். தலையில் அடித்துக்கொண்டேன்.

இரண்டாம் வாரம் ஒரு நாள் இவன் மிச்சமிருந்த ஆறு தோர்த்தியா ரொட்டிகளை எடுத்து வரிசையாக மேசையில் வைத்தான்.

“முதலாளியம்மா, இது ஆறு வாரம். டாக்டர் வீடியோ அஞ்சைத் தின்னுடும். வீட்டுக்கு அனுப்பறது நாலு. மாத்திரை ஞாபகப்படுத்தறதுக்கு ரெண்டு போதும். எதை எதோட சேத்துச் சாப்பிடப் போறீங்க?”

யாரெட்சி கையை நீட்டி ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டாள்.

“பாருங்க, ஒரு வாரம் போயிடுச்சு,” என்றான் இவன், முகம் மாறாமல். “ஒரு ஆளுக்குக் காய்ச்சல்னு வைங்க. இப்ப அஞ்சுதான்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. காசு குடுக்கறது நான். ராசிபலன் வேணும்!” என்று மேசையைத் தட்டினேன்.

“முடியாதும்மா. ரத்த அழுத்த மாத்திரை தீந்துபோனது தெரியாம ஒருத்தர் மயங்கி விழறார். அவருக்கு உதவினா அவர் உங்க கடைக்குத்தான் திரும்ப வருவார். முதல்ல அது.”

நான் சீறினேன், கெஞ்சினேன், செலோக் கிழவி மாதிரி கண்ணைத் துடைத்தேன். அசையவில்லை. அடடா, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அன்றைக்கு இவனுக்குக் காப்பியில் பால் கூடவே ஊற்றினேன்.

எட்டாம் தேதி காலை பதினோரு மணிக்குப் படுக்கையறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். மேலே கோட்டு, கீழே கால்பந்து டிராயர். நான் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். எதிர்ப்பக்கக் குரல் கேட்கவில்லை, இவன் குரல் மட்டும்தான். “புரியுது சார்.” பிறகு, “அது இந்த ஆறு வாரத்துல முடியாது சார். ஏன்னு சொல்றேன்.” திரும்ப, “நீங்க கோபப்பட்டாலும் முடியாது சார்.” நான் நடையில் நின்றபடியே சின்னதாக ஓர் ஆட்டம் போட்டேன். கடைசியில் “ம்... ம்...” என்று ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, “மன்னிக்கணும் சார், என்னால முடியாது,” என்றான்.

வெளியே வந்தபோது இவன் சட்டை நனைந்திருந்தது.

“கடைசியா என்ன கேட்டார்? அதுவும் நடிப்புதானே?”

“இல்ல. அது நிஜம். வேலை குடுத்தா முதல் வருஷம் முழுக்க, வாரத்துல நாலு நாள் மோந்தெர்ரேய் நகரத்துக்குப் போய் இருக்கணுமாம். முடியாதுன்னேன். மாசத்துல ஒரு வாரம்னா வரேன்னு சொன்னேன்.”

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. “அட மடையா! நடிக்கறவன்கிட்ட முடியாதுன்னு சொல்லத்தானே சொல்லிக் குடுத்தேன்? வேலை குடுக்கறவன்கிட்டயா சொல்லச் சொன்னேன்? இந்த மாசக் கடைசியில ஆபீஸை மூடறான், ஞாபகம் இருக்கா?”

“இருக்கு,” என்றான். “யாரெட்சிக்கு ஏழு வயசுங்கறதும் ஞாபகம் இருக்கு.”

“வாயை மூடு,” என்றேன். அதன்பின் ஐந்து நாள் இவனோடு நான் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் டொக்கென்று வைப்பேன். கவுன்ட்டரில் ஒரு பாவப்பட்ட பெரியவரை, போட்டோ நன்றாக இருந்தும், திருப்பி அனுப்பினேன். பிறகு வெட்கமாகிவிட்டது, ஓடிப் போய்க் கூட்டிவந்தேன்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது. ரொசெண்டோ அதை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான். நேர்காணல் எடுத்தவரேதான்.

“உங்களை எங்களுக்குப் பிடிச்சிருக்கு. மேல பேசிப் பாத்துட்டேன். வாரத்துக்கு நாலு நாள் வேண்டாம். மாசத்துல ரெண்டு வாரம். இதுக்குமேல என்னால இறங்க முடியாதுன்னு நினைக்கறேன். என்ன சொல்றீங்க?”

ரொசெண்டோ என்னைப் பார்த்தான்.

சரி என்று சொல், சரி என்று சொல்லித் தொலை என்றுதான் ஐந்து நாளாக என் மனசு கத்திக்கொண்டிருந்தது. ஆனால் இவன் பார்த்த அந்தப் பார்வையில் எனக்கு உறைத்தது. கல்யாணமான பதினோரு வருஷமாக ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் சரி சொன்னவன் இவன். ஞாயிற்றுக்கிழமைகளை எதிர்வீட்டுக் குழாய்க்கும் பக்கத்து வீட்டு நாற்காலிக்கும் கொடுத்தான். நானும் யாரெட்சியும் மிச்சத்தை எடுத்துக்கொண்டோம். முதல் தடவையாக எங்களுக்காக ஒருவரிடம் முடியாது என்று சொல்லியிருக்கிறான், அதற்கு நான் ஐந்து நாள் தட்டை டொக்கென்று வைத்திருக்கிறேன். நூறு பேரைத் திருப்பி அனுப்புகிறவளுக்கு அன்று கழுத்தே அசையவில்லை. கஷ்டப்பட்டுத் தலையை இடமும் வலமும் ஆட்டினேன்.

“ஒரு வாரம்தான் சார்,” என்றான் ரொசெண்டோ.

யாரெட்சி மெல்லுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள்.

“எங்க வாடிக்கையாளர்கிட்டயும் இப்படித்தான் பேசுவீங்களா?” என்றார் அவர்.

“இதைவிட மரியாதையா பேசுவேன் சார்.”

அவர் சிரித்துவிட்டார். “சரி, ஒரு வாரம். நான் பாத்துக்கறேன். செப்டம்பர் ஒண்ணாம் தேதி வந்துடுங்க.”

இவன் போனை வைத்தான். யாரெட்சி விஷயம் புரியாமலேயே நாற்காலியில் ஏறிக் குதித்தாள். நான் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும், மூக்கெல்லாம் ஒழுக அழுதேன்.

“நீ வேண்டாம்னு தலையாட்டலேன்னா ரெண்டு வாரத்துக்குச் சரின்னு சொல்லியிருப்பேன் ஒதிலியா,” என்றான்.

“நீ என்னைப் பாக்காம இருந்திருந்தா நானும் அதையேதான் கத்தியிருப்பேன்,” என்றேன்.