ஓட்டைக்கை

கண்ணுகளா, பெற்ற பிள்ளையைத் தூக்கப் பயந்த ஒருத்தியின் கதை இது.

சின்ன வயதில் ஒரு கண்ணாடி ஜாடியைக் கீழே போட்டாள். அன்று அம்மா வாயிலிருந்து விழுந்த பெயர் ‘ஓட்டைக்கை’. பெயர் வந்த பிறகுதான் கை நடுங்கத் தொடங்கியது. நடுங்குகிற கையில் சாமான் உடையாமல் என்ன செய்யும்? கல்யாணமாகிப் போன வீட்டில் அந்தப் பெயர் அவளுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது. எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர், அவளுக்கு மட்டும் பிளாஸ்டிக்.

குழந்தை பிறந்தபோது மாமியார் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: “இவகிட்ட குடுத்தா பிள்ளை நேரா தரைக்குத்தான் போகும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் பிள்ளையைத் தூக்கவேயில்லை. அவள் படுத்திருப்பாள், யாராவது கொண்டுவந்து பக்கத்தில் விடுவார்கள், பால் கொடுப்பாள். வீட்டில் யாருமில்லாத ஒரு மத்தியானம் பிள்ளை வீறிட்டு அழுதது. மாமியார் கடைக்குப் போய்த் திரும்பும்வரை, தொட்டிலோரம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இவளும் அழுதபடி நின்றாள்.

அன்றே புருஷனின் அக்காவுக்கு ஃபோன் செய்தாள். “பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுங்க அண்ணி. உங்ககிட்டயே வளரட்டும்.”

புருஷன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். “நான் கொன்னுடுவேங்க,” என்றாள்.

அண்ணி வந்தாள். பிள்ளையின் துணிகளை மடிப்பதைப் பார்க்க முடியாமல் இவள் தெருவில் இறங்கினாள். மார்பில் பால் கட்டி வலித்தது. கால் தானாகப் பழைய வேலையிடத்துக்கு, முட்டை மண்டிக்குப் போயிற்று. பிள்ளை போன வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும், வேலையாவது கேட்கலாம்.

“வாம்மா, நல்ல நேரத்துல வந்த!” என்றார் மேஸ்திரி. “லாரி நிக்குது, ஆளில்ல. கொஞ்சம் பாத்துக் குடேன்.”

விளக்கின் முன் உட்கார்ந்தாள். கைக்கு மூன்றாக முட்டைகளை அள்ளி, வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்து, விரிசல் விட்டதை ஒதுக்கி, நல்லதை அட்டையில் வைத்தாள். மனசு வீட்டில் கிடந்தது. கை அதுபாட்டுக்கு வேலை செய்தது.

“நீ போனதுலேர்ந்து எங்களுக்கு தினம் ஆம்லெட்தான்,” என்றார் மேஸ்திரி. “உன் கையில ஒண்ணு உடைஞ்சு நான் பார்த்ததில்ல.”

“கேலி பண்ணாதீங்கண்ணே. நான் ஓட்டைக்கை.”

“யாரு சொன்னா?”

பதில் சொல்ல வாயெடுத்தவள் குனிந்து பார்த்தாள். இரண்டு கையிலும் முட்டைகள். நடுக்கமே இல்லை. இந்த மண்டியில் ஒருவர்கூட அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

முட்டைகளை அட்டையில் வைத்துவிட்டு ஓடினாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போக வாசலில் ஆட்டோ நின்றது. அண்ணி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மோர் குடித்த கண்ணாடி டம்ளரைப் படியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“குடுங்க அண்ணி.”

“பஸ்ஸுக்கு நேரமாச்சேம்மா...”

“ஐயோ, போட்டுடப் போறா!” என்று உள்ளேயிருந்து ஓடிவந்தாள் மாமியார்.

அந்தச் சத்தத்தில் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. அவளுக்கே தெரிந்தது. சட்டென்று வாசல் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“இப்ப விழுந்தா என் மடியிலதான் விழும். குடுங்க.”

உட்கார்ந்த வேகத்தில் முழங்கை பட்டு டம்ளர் தெருவில் உருண்டு நொறுங்கியது.

“பாத்தியா, பாத்தியா!” என்றாள் மாமியார்.

அண்ணி ஒரு கணம் தரையில் உட்கார்ந்திருந்தவளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து பிள்ளையை மடியில் வைத்தாள்.

“கண்ணாடியை அப்புறம் கூட்டிக்கலாம் அத்தை,” என்றாள் அவள், பிள்ளையின் தலைக்கடியில் கையைக் கொடுத்தபடி.