ஹவில்தார் தனிஸ்லாஸின் வலது முழங்கால்

ஓய்வுபெற்ற ஹவில்தார் தனிஸ்லாஸுக்கு இந்த உலகத்தில் பயம் என்று இருந்தது ஒரே ஒரு சாமான் மேல்தான். அது நீலக் கலர் பிளாஸ்டிக் நாற்காலி.

சமயநல்லூர் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி காலையில் மாதா கோயில் வாசலிலிருந்து பள்ளிக்கூட மைதானம் வரைக்கும் சங்கத்துக்காரர்கள் பதினொரு பேரும் மெடலைக் குத்திக்கொண்டு அணிவகுத்துப் போவார்கள். மொத்தமே ஒரு கால் கிலோமீட்டர்தான். கால் ஒத்துழைக்காதவர்களுக்கு மைதானத்தில் பந்தலடியில் நீல நாற்காலி போட்டு, துண்டு போர்த்தி, பாதாம் பால் கொடுத்து உட்கார வைப்பார்கள். பார்க்க மரியாதையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நாற்காலிக்குப் போனவர் யாரும் மறுபடி வரிசைக்கு வந்ததில்லை. கடைசியாக உட்கார்ந்த இரண்டு பேரும் இப்போது சங்க அலுவலகச் சுவரில் மாலையோடு தொங்குகிறார்கள்.

பன்னிரண்டு வருஷமாக அந்த அணிவகுப்புக்குக் கமாண்ட் கொடுப்பவர் தனிஸ்லாஸ். அவர் "சாவ்தான்" என்று ஒரு சத்தம் கொடுத்தால் ரோட்டோர ஆட்டுக்குட்டிகூட நேராக நிற்கும். அப்படிப்பட்டவரிடம் ஜூலை மாதக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் நல்லகாமன் மெதுவாக ஆரம்பித்தார். அவர் ஓய்வுபெற்ற நாயக். ஹவில்தாருக்கு ஒரு படி கீழே.

"அண்ணே, இந்த வருசம் நீங்க கெத்தா நாற்காலியில உக்காந்து பாருங்கண்ணே. கமாண்ட நான் குடுக்கேன்."

"ஏன்டா, எனக்கு என்ன கேடு வந்துச்சு?"

"இல்லண்ணே, முட்டி..."

"முட்டிக்கு என்ன? ரெண்டும் இருக்குல்ல?"

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பதினான்காம் தேதி ஒத்திகை. அதில் தனிஸ்லாஸ் நொண்டாமல் நடந்தால் கமாண்ட் அவருக்கு. நொண்டினால் நாற்காலி. இத்தனைக்கும் மனுஷன் தன் வீட்டு மாடிப்படியிலேயே பின்பக்கமாகத்தான் இறங்குகிறார் என்பது மனைவி பிலோமினாளுக்கு மட்டும் தெரிந்த ராணுவ ரகசியம். கோயிலில் எல்லோரும் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி வணங்கும்போது இவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கேட்டால் பேண்ட் டைட் என்பார்.

அந்த நேரத்தில்தான் பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஜெனிஷாவிடமிருந்து பார்சல் வந்தது. பிரித்தால், பரீட்சை அட்டை அளவில் ஒரு சிவப்பு லைட்டு, கூடவே ஒரு கறுப்புக் கண்ணாடி.

"வலி இருக்குற எடத்துல பத்து நிமிசம் காட்டணும்ப்பா. வெளிநாட்டுல உங்கள மாதிரி ரிட்டையர்டு ஆர்மிக்காரங்க நெறைய பேரு இதப் போடுறாங்களாம். வலி மாத்திரையக் கொறைச்சுக்கலாமாம்" என்றாள் போனில்.

உங்களை மாதிரி ஆர்மிக்காரங்க. அது போதாதா? தனிஸ்லாஸுக்கு அது தலைமையகத்திலிருந்து வந்த உத்தரவாகவே கேட்டது. இருந்தாலும் எதையும் முறையாகச் செய்கிற ஆள், மதுரைக்குப் பஸ் ஏறி பிசியோதெரபிஸ்ட் தமிழ்வாணியிடம் லைட்டைக் காட்டி அனுமதி கேட்டார்.

"மூட்டு தேஞ்சத இது சரிபண்ணும்னு நான் சொல்ல மாட்டேன் சார். சில பேருக்கு வலி கொஞ்சம் கொறையுது. போட்டுப் பாருங்க. ஆனா இந்தத் தொடைப் பயிற்சிய விட்ராதீங்க. அதுதான் முக்கியம். அப்பறம், காலத் தூக்கி ஓங்கித் தரையில அடிக்கிறது மட்டும் கூடவே கூடாது."

"அடிக்காம இருந்தா அதுக்குப் பேரு டிரில் இல்லம்மா, வாக்கிங்" என்று சொல்லிவிட்டு வந்தார். வழியெல்லாம் அந்த ஒரு விஷயம்தான் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

லைட்டுக்குத் தோதான பிளக் தெருவைப் பார்த்த முன்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. சாயங்காலம் ஆறரை மணிக்கு லுங்கியைத் தொடைவரை சுருட்டி, கறுப்புக் கண்ணாடியை மாட்டி, முதுகை விறைப்பாக நிமிர்த்தி உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார். அறை முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆனது. காபியோடு உள்ளே வந்த பிலோமினாள் ஒரு விநாடி நின்றார். அப்படியே வலது முழங்காலை மடக்கித் தரையில் ஊன்றி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, தலை குனிந்தார்.

கத்தோலிக்கர் கோயிலில் நற்கருணைப் பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் ஆண்டவர் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம், கடந்துபோகிறவர்கள் முழங்கால் மடக்க வேண்டும். பிலோமினாளுக்கு நடை பழகிய நாளிலிருந்து வந்த பழக்கம். கண் சிவப்பைப் பார்த்தால் கால் தானாக மடங்கிவிடும். மூளைக்குச் சேதி அப்புறம்தான் போகும்.

"பிலோமி, கட்டிக்கிட்டு வந்து முப்பத்தாறு வருசத்துல இன்னைக்குத்தான் எனக்குன்னு ஒரு மரியாத குடுத்திருக்க" என்றார் தனிஸ்லாஸ்.

"சேசு மரி சூசையே! ஆண்டவருக்குப் போட வேண்டியத இந்த மொட்டக் காலுக்குப் போட்டுட்டேனே!" காபியை ணங்கென்று வைத்துவிட்டுப் போனவர், அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உப்பே போடவில்லை.

சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். ஆனால் அந்தத் தெருவில் அத்தனை பேருக்கும் அதே பழக்கம். ஆறரை மணிக்கு ஜெபமாலை சொல்லக் கோயிலுக்குப் போகிறவர்கள் அந்த ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். மறுநாள் எதிர்வீட்டு ரிட்டையர்டு டீச்சர் அமலோற்பவம் ஜன்னலைக் கண்டதும் ரோட்டிலேயே முழங்கால் மடக்க, பின்னால் சைக்கிளில் வந்தவர் அவர் மேல் மோதாமல் ஒடித்துத் திருப்பிச் சாக்கடையில் இறங்கினார். எழுந்து வந்து அவரும் ஒரு சிலுவை போட்டுக்கொண்டார். தனிஸ்லாஸ் பதறிப்போய் தடித்த திரையாக வாங்கி மாட்டினார். திரைக்குப் பின்னால் எரிந்தபோது அது முன்னைவிடப் பக்தியாகத் தெரிந்தது. நாலாம் நாள் ஜன்னல் கட்டையில் மல்லிகைப்பூவும் இரண்டு மெழுகுதிரியும் இருந்தன.

"ஏங்க, இது வலிக்குப் போடுற லைட்டுன்னு சொல்லித் தொலைங்களேன்" என்றார் பிலோமினாள்.

"சொன்னா எனக்கு வலின்னு ஆயிரும்ல? நல்லகாமன் காதுக்குப் போனா நாற்காலிய வீட்டுக்கே கொண்டாந்து போட்ருவான். ஆறரைக்கு எங்கன்னு எவனாச்சும் கேட்டா, வாக்கிங் போயிருக்காருன்னு சொல்லு."

அந்தப் பொய்யைப் பிலோமினாள் தெரு முழுக்கச் சொன்னார். ஆள் இல்லாத வீட்டில் தானாக விளக்கு எரிகிறது என்று ஆகிவிட்டது. அடுத்த நாளே பங்குச் சாமியார் வந்து நின்றார்.

"தனிஸ்லாஸ், என்னமோ வெளிச்சம் வருதாமே? அம்புட்டுப் பேரும் என்னையப் பூசை வைக்கச் சொல்றாங்க."

தனிஸ்லாஸ் கதவைச் சாத்தினார். யோசித்தார். தன் ராணுவ மூளையில் அபாரமான திட்டம் ஒன்று உதித்ததாக நினைத்துக்கொண்டு, "ஃபாதர், நான் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்" என்றார். சாமியாரும் பாவம், கழுத்தில் பட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தனிஸ்லாஸ் முழங்கால் வலியையும் லைட்டையும் வாக்கிங் பொய்யையும் ஒன்று விடாமல் கொட்டினார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் வெளியே மூச்சுவிடக் கூடாது. ரகசியம் காப்பாற்றப்பட்டது. ஆனால் அதே காரணத்தால், அது வெறும் வலி லைட்டுதான் என்று ஊருக்குச் சொல்லவும் இனி அவரால் முடியாது.

சாமியாருக்கு அது புரிந்தபோது முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "மாட்டிவிட்டீரேய்யா" என்று தலையில் கை வைத்தார். "சரி, ஒமக்குப் பரிகாரம் சொல்றேன். பதினஞ்சாம் தேதிக்குள்ள நல்லகாமன்கிட்டப் போயி உண்மையச் சொல்லிரணும்."

"ஃபாதர், அம்பது ஜெபமாலை குடுங்க. அம்பது நாளு ஒருவேளைச் சோத்தோட ஒருசந்தி இருக்கேன். இது மட்டும் வேணாம்."

"இதேதான்" என்று எழுந்தார் சாமியார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அவரால் முடிந்ததெல்லாம், "பார்க்கிற வெளிச்சத்துக்கெல்லாம் முழங்கால் போடாதீர்கள்" என்று பொத்தாம்பொதுவாக ஒரு வார்த்தை சொல்வதுதான். சாமியாருக்கே ஏதோ தெரிந்திருக்கிறது, மறைக்கிறார் என்று ஊர் முடிவுகட்டியது. திங்கட்கிழமை கூட்டம் இரண்டு மடங்கு.

இதற்கிடையில் முழங்கால் என்ன ஆயிற்று என்றால், நிஜமாகவே கொஞ்சம் தேவலைதான். லைட்டாலா, தொடைப் பயிற்சியாலா, ஊரையே ஏய்க்கிற மும்முரத்தில் வலியைக் கவனிக்க நேரமில்லாததாலா என்று யார் கண்டது? மாடிப்படியில் முன்பக்கமாகவே இறங்கினார். ஆனால் பதின்மூன்றாம் தேதி மத்தியானம் கொல்லைப்புறத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரே ஒரு தடவை காலைத் தூக்கி ஓங்கி அடித்துப் பார்த்தார். கண்ணில் பூச்சி பறந்தது. துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். முடிந்தது, இனி நாற்காலிதான் என்று நினைத்துக்கொண்டார். பதினெட்டு வயதில் வரிசையில் சேர்ந்தவர். வரிசையில் இல்லாத தனிஸ்லாஸ் எப்படி இருப்பான் என்று அவருக்கே தெரியாது.

அன்று சாயங்காலமும் ஆறரைக்குப் பழக்க தோஷத்தில் லைட்டைப் போட்டு உட்கார்ந்தார். பிலோமினாள் கோயிலுக்குப் போயிருந்தார். கூட்டமெல்லாம் கலைந்த பிறகு திரைக்கு வெளியே ஒரு தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. இந்தத் தெருவில் யார் தேங்காய் உடைப்பது என்று காதைத் தீட்டினார்.

"சாமி, நான் உங்க கோயில் ஆளு இல்ல. கோச்சுக்கிறாதீங்க" என்றது நல்லகாமன் குரல். "எனக்குக் குதிகால் வலி உசுரு போகுது. காலையில எந்திரிச்சா தரையில ஊன முடியல. அது கெடக்கட்டும். இந்த வீட்டு அண்ணனுக்கு முட்டியச் சரிபண்ணிக் குடுத்துருங்க. போன வருசம் பரேடு முடிஞ்சதும் பள்ளிக்கூடத் தண்ணித்தொட்டிக்குப் பின்னால போயி ஒத்தையில நின்னு அழுதாரு சாமி. நான் பாத்துட்டேன். அதான் நாற்காலின்னு சொல்லிப்புட்டேன். மத்தபடி கமாண்டு குடுக்க எனக்கு ஆசையே இல்ல. பயத்துல எனக்கு எடது வலது மாறிப்போகும்."

கறுப்புக் கண்ணாடிக்குள் தனிஸ்லாஸுக்குக் கண்ணீர் முட்டியது. ஒரு விநாடிதான். அடுத்த விநாடி, நான் அழுததை இந்தப் பயல் பார்த்திருக்கிறான் என்ற ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது.

"நல்லகாமன்! சாவ்தான்!"

பன்னிரண்டு வருஷம் அந்தக் குரலுக்குப் பணிந்த உடம்பு. வெளியே நல்லகாமன் சாமியா ஆசாமியா என்றெல்லாம் யோசிக்கவில்லை. காலைத் தூக்கி, வலிக்கிற குதிகாலாலேயே ஓங்கி ஒரு அடி அடித்து விறைத்து நின்றார். "யாத்தே!" என்ற அலறல் அதற்கப்புறம்தான் வந்தது.

திரை விலகியது. லுங்கியும் கறுப்புக் கண்ணாடியுமாகச் செக்கச்செவேலென்று தனிஸ்லாஸ் நின்றார்.

"அண்ணே... நீங்களா உள்ள இருக்கீக?"

"நான்தான்டா. இது சாமி வெளக்கு இல்ல, வலிக்குப் போடுற லைட்டு. எனக்கு முட்டி வலி. ரெண்டு வருசமா வலி. போதுமா? உள்ள வா, குதிகாலக் காட்டு."

பரிகாரம் அதோடு தீர்ந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு முட்டியையும் ஒரு குதிகாலையும் லைட்டுக்கு நேரே நீட்டினார்கள். நல்லகாமன் சங்கத்துச் செயலாளர் அல்லவா, யார் யாருக்கு எங்கே வலி என்ற கணக்கு அவரிடம் இருந்தது. ஒருத்தருக்கு இடுப்பு, ஒருத்தருக்கு முதுகுத் தண்டு, மூன்று பேருக்கு முட்டி. பதினொரு பேரில் ஓங்கி அடிக்கக் கால் உள்ளவர் ஒருத்தர்கூட இல்லை. அவரவர் மற்றவருக்குப் பயந்து வருஷா வருஷம் அடித்துத் தொலைத்திருக்கிறார்கள்.

தனிஸ்லாஸ் லைட்டை அணைத்தார். "நாளைக்கு ஒத்திகை கிடையாது. எல்லாரையும் நேரா பதினஞ்சாம் தேதி வரச் சொல்லு" என்றார்.

பதினைந்தாம் தேதி மாதா திருநாள் பூசை முடிந்து கோயில் வாசலில் ஊரே கூடி நின்றது. பதினொரு பேரும் மெடலோடு வரிசையில் நின்று, வரப்போகிற அடிகளை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். "தேஜ் சல்" என்ற வழக்கமான வேகநடை உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள். தனிஸ்லாஸ் மூச்சை இழுத்து, வயிற்றிலிருந்து எடுத்தார்.

"தீரே... சல்!"

மெதுநடை. பெரிய பெரிய மரியாதைகளுக்கு மட்டும் ராணுவத்தில் நடப்பது. அடி கிடையாது, ஓசை கிடையாது. காலை முன்னே நீட்டி, பூப்போல வைத்து, அடுத்த காலை எடுக்க வேண்டும். வரிசையில் பத்துப் பேர் முகத்திலும் ஒரு நிம்மதி பரவியதைத் தனிஸ்லாஸ் ஓரக்கண்ணால் பார்த்தார். கால் கிலோமீட்டரைக் கடக்க அரை மணி நேரம் பிடித்தது. தலைமையாசிரியர் கொடிக் கயிற்றைப் பிடித்தபடி வெயிலில் நின்றே கறுத்துப்போனார். ஆனால் ஜனங்கள் வாய்பொத்திப் பார்த்தார்கள். இப்படியொரு கம்பீரமான அணிவகுப்பை இந்த ஊர் கண்டதில்லை என்று அமலோற்பவம் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மைதானத்தில் வரிசை நின்றது. கொடி ஏற ஆரம்பித்தது. எல்லோரும் சல்யூட்டில், கண் கொடியில், உதடு அசையாமல்.

"அண்ணே, வலிக்குதா?" என்றார் பக்கத்தில் நின்ற நல்லகாமன், பல்லிடுக்கில்.

வரிசையில் நின்றபடி தனிஸ்லாஸ் வாழ்க்கையில் ஒருநாளும் சொல்லாத வார்த்தை அது. "வலிக்குதுடா" என்றார்.

"எனக்கும்ண்ணே."

"எனக்கும்" என்றது அடுத்த குரல். "எனக்கு இடுப்புல." "எனக்கு ரெண்டு காலும்." உதடு அசையாமல், கை இறங்காமல், அது அப்படியே ஆள் மாற்றி ஆள் போய்க் கடைசி ஆள் வரைக்கும் சேர்ந்தது. தனிஸ்லாஸுக்குத் தாங்க முடியாத சந்தோஷம் வந்தது. கொடி ஏறும்போது சிரிக்கக் கூடாது என்பதால், மூச்சை அடக்கி, கண்ணில் நீர் வழிய, விறைத்து நின்றார்.